நதியை வைத்து ஒரு புதிர்: கருப்பொருள் குறுக்கெழுத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரிப்டிக் குறுக்கெழுத்தில் ஒவ்வொரு குறிப்பும் விடையின் பொருளையும், விடையின் எழுத்துகளை வேறு வழியில் கட்டித் தரும் சொல்விளையாட்டையும் ஒன்றாகச் சுமக்கும். அதைக் கருப்பொருள் வைத்து அமைக்கும்போது பெரும்பாலான பிழைகள் குறிப்பு எழுதுவதற்கு முன்பே, சொற்பட்டியல் போடும்போதே உள்ளே வந்துவிடுகின்றன. ‘தமிழ்நாட்டு நதிகள்’ என்று கரு எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் தெரிந்த கரு, பெயர்களுக்கும் பஞ்சமில்லை. அடையாறு, செய்யாறு, வெள்ளாறு, சிற்றாறு, பாம்பாறு என்று மளமளவென்று எழுதிவிடலாம். தவறு இங்கேதான் தொடங்குகிறது. இந்த ஐந்தும் நான்கெழுத்துச் சொற்கள், ஐந்தும் ‘று’வில் முடிபவை. கடைசிக் கட்டத்தில் ‘று’ விழுந்துவிட்டால், கரு தெரிந்தவர் குறிப்பைப் படிக்காமலே ஏதோ ஓர் ஆற்றை நிரப்பிவிடுவார். பாதி நேரம் அது தப்பான ஆறாக இருக்கும். ‘ஆறு’ ஒட்டிய பெயரை ஒரு புதிரில் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள்.

தாமிரபரணியையும் பொருநையையும் ஒரே புதிரில் போடுவது இன்னொரு தவறு. இரண்டும் ஒரே நதி. கருப்பட்டியலில் ஒரே பொருள் இரண்டு பெயரில் வந்தால் அவிழ்ப்பவர் ஏமாந்த உணர்வோடு எழுந்து போவார்.

பட்டியல் போட்டதும் எழுத்து எண்ணிக்கைப்படி இணை சேருங்கள். கட்டத்தை 180 பாகை திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் நிற்க வேண்டும் என்பது வழக்கம். ஆகவே ஒரு கருச்சொல்லுக்கு எதிர்ப்பக்கத்தில் அதே நீளமுள்ள இன்னொன்று வேண்டும். தாமிரபரணிக்குக் குடமுருட்டி (6), அமராவதிக்குக் கொள்ளிடம் (5), காவிரிக்குப் பவானி (3). 11×11 கட்டத்தில் ஆறு முதல் எட்டுக் கருச்சொற்கள் போதும். பன்னிரண்டைத் திணித்தால் மிச்சமுள்ள இடைவெளிகளை அடைக்க நிகண்டைத் தோண்ட வேண்டிவரும். அப்படி யாரும் கேட்டிராத சொல் ஒன்று வந்தே தீரும் என்றால் அதற்கான சொல்விளையாட்டு மிக எளிதாக இருக்கட்டும், அதைக் கடக்கும் சொற்களும் அன்றாடச் சொற்களாக இருக்கட்டும்.

கட்டம் நிரப்புதல்

ஆங்கிலக் கட்டத்தை அப்படியே எடுத்துத் தமிழ் எழுத்தை நிரப்பப் பார்ப்பவர்கள் திணறுவதற்குக் காரணம் உண்டு. அங்கே 26 எழுத்து, இங்கே 247. அதோடு எந்த எழுத்து எங்கே வரலாம் என்பதற்கு நம் மொழியில் கறாரான வரம்பு இருக்கிறது. புள்ளி எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ட, ண, ற, ன, ழ, ள வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. ர, ல வரிசைகளுக்கு ரயில், லாரி போன்ற வழக்குச் சொற்கள்தான் துணை. அ, ஆ போன்ற உயிரெழுத்து சொல்லின் நடுவில் வராது என்பதால், இரண்டு சொற்களும் அங்கேயே தொடங்கினால்தான் அந்தக் கட்டத்தில் அவை சந்திக்க முடியும்.

மேல்வரிசையில் கொள்ளிடத்தை வைத்துப் பாருங்கள். கொ, ள், ளி, ட, ம் என்ற ஐந்தில் கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்க ‘கொ’ ஒன்றுதான் உதவும். அமராவதி அப்படியில்லை. இரண்டாம் எழுத்து ‘ம’வில் ‘மலை’ தொடங்கும், நான்காம் எழுத்து ‘வ’வில் ‘வண்டல்’ தொடங்கும். ஆகவே அமராவதி மேலே, கொள்ளிடம் கீழே. கீழ்வரிசையில் வருபவை நெடுக்குச் சொற்களின் கடைசி எழுத்துகள். கொள்ளிடத்தின் ‘ள்’ளில் ‘கடவுள்’ முடியும், ‘ட’வில் ‘கூட’ முடியும். வண்டலுக்கு எதிரே கடவுள், மலைக்கு எதிரே கூட. நீளமும் பொருந்திவிட்டது, சமச்சீரும் கெடவில்லை. இதையே மாற்றி, கொள்ளிடத்தின் முதல் எழுத்தில் நெடுக்குச் சொல்லை முடிக்கப் பார்த்தால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் நடக்காது. ‘கொ’வில் முடியும் சொல் தமிழில் இல்லை.

எழுத்து எண்ணிக்கையைக் கணினியிடம் விடாதீர்கள். தாமிரபரணி நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் அது ஒன்பது குறியீடு, ஏனென்றால் துணைக்காலும் இகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். எக்செல் கொடுக்கும் எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டால் புதிரே தப்பு. ஸ்ரீ, க்ஷ போன்றவற்றை ஒரு கட்டமாகக் கொள்வதா இரண்டாகவா என்று முன்னுரையில் சொல்லுங்கள், அல்லது அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

குறிப்பு எழுதுதல்

இங்கிலாந்தில் ஜிமனீஸ் என்ற பெயரில் புதிர் அமைத்த டி. எஸ். மக்நட் 1966-இல் வகுத்த விதிகளை, அவருக்குப் பின் வந்த அஸெட் (ஜொனாதன் கிரவுதர்) சுருக்கிச் சொன்ன அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: துல்லியமான பொருள், நேர்மையான சொல்விளையாட்டு, இவ்விரண்டைத் தவிர வேறெதுவும் குறிப்பில் இருக்கக் கூடாது. பொருள் குறிப்பின் ஏதாவது ஒரு முனையில் நிற்க வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருவதால் பொருளை நடுவில் செருகும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

வைகைக்கு ஒரு குறிப்பு: ‘திட்டிய பின் கரம் நீட்டும் மதுரை நதி (2)’. படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. ‘வை’ என்றால் ‘திட்டு’. ‘திட்டிய’ என்றால் ‘வைத’ என்று வரும். ‘நீட்டும்’ எந்த வேலையும் செய்யாமல் நிற்கிறது. ‘திட்டு என்றதும் கரம் சேரும் மதுரை நதி (2)’ என்றால் வை, கை, பொருள் மூன்றும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. காலம், பால், எண், எச்சம் எல்லாம் இப்படி அச்சாகப் பொருந்த வேண்டும். தமிழ்ப் புதிர்களில் மிக அதிகம் சறுக்கும் இடம் இது.

எழுத்தைக் கலைத்துப் போடும்போது கலைக்க வேண்டிய சொல்லில் வேற்றுமை உருபு ஏறக் கூடாது. ‘பனி வா என்றால் கலங்கி வரும் சத்தியமங்கலத்து நதி (3)’: ப, னி, வா என்ற மூன்றும் முழுதாகக் கண்முன் இருக்கின்றன, கலங்கினால் பவானி. இதையே ‘பனியை’ என்று எழுதினால் ‘யை’யையும் எண்ணுவதா வேண்டாமா என்று அவிழ்ப்பவர் தவிப்பார். ‘மரத்தைக் கலைத்து’ இன்னும் மோசம், ‘மரம்’ என்பதன் ‘ம்’ அங்கே காணாமலே போய்விடுகிறது. உருபு விடையிலும் இருந்தால் விஷயமே வேறு. ‘பெண்ணை’ என்ற நதிப்பெயருக்கு ‘மங்கையை’ என்று குறிப்பில் எழுதினால் ஐ உருபு விடைக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது, கச்சிதம்.

சந்தியில் கவனம் வேண்டும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவது இயல்பு, அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ‘சிறு’வும் ‘ஆறு’வும் சேர்ந்து சிற்றாறு ஆகும்போது நடுவில் முளைக்கும் ‘ற்’றுக்குக் குறிப்பில் கணக்கு இல்லை. கடல், கரை என்று கொடுத்துவிட்டுக் கடற்கரையை எதிர்பார்ப்பதும் இதே தவறுதான். இலக்கணம் அனுமதிக்கிறது என்பது இங்கே வாதமாகாது, கட்டத்தில் விழும் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிப்பு பொறுப்பேற்க வேண்டும்.

அடுத்தது, சொற்பிறப்பைச் சொல்விளையாட்டு என்று நினைப்பது. பாலாற்றைப் ‘பால்’, ‘நதி’ என்று உடைத்தால் அதில் புதிர் எங்கே இருக்கிறது? பெயர் ஒட்டிய இடத்திலேயே பிரித்திருக்கிறோம். ‘பசு தருவதோடு அரை டஜன் சேர்ந்தால் வேலூரில் பெரும்பாலும் மணல்தான் (3)’ என்று ‘ஆறு’வை எண்ணாக்கும்போதுதான் சொல் புரள்கிறது. காவிரியைச் சோலை (கா), பரப்பு (விரி) என்று பிரிப்பது பழைய விளக்கம், பலருக்கும் தெரிந்தது. கடையேழு வள்ளல்களில் ஒருவரான காரியை உள்ளே கொண்டுவரலாம்: ‘கொடைவள்ளலுக்குள் விழா தொடங்கினால் குடகிலிருந்து வருபவள் (3)’. காரிக்குள் ‘வி’.

தமிழ் எழுத்துருவமே தரும் வசதிகளை விட்டுவிடுவது தவறு என்பதைவிட இழப்பு. துணைக்கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் விளையாட்டுப் பொருள்கள். ‘காலை இழந்த மாலை, நதி பிறக்கும் இடம் (2)’. காலைப் பொழுது என்று கண் படிக்கிறது, துணைக்காலை என்று குறிப்பு சொல்கிறது. ‘மாலை’ காலை இழந்தால் மலை. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த எந்தக் குறிப்பும் இந்தச் சுகத்தைத் தராது.

கருவை எவ்வளவு காட்டுவது

எல்லாக் கருச்சொல்லுக்கும் ‘நதி’ என்றே பொருள் எழுதினால் மூன்றாவதிலேயே அலுப்புத் தட்டும். ‘நதி’ என்ற சொல்லையே ஒரு விடையாக்கி (7-ஆம் எண் குறுக்குவரிசையில் என்று வைப்போம்), மற்றவற்றை ‘ஒரு 7 குறுக்கு’ என்று சுட்டுவது நல்ல வழி. அப்படிச் செய்தால் அந்த 7 குறுக்கு கடினமாக இருக்கக் கூடாது. அது அவிழாவிட்டால் ஆறேழு குறிப்புகள் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். ‘நல்ல திருப்பத்தின் தொடக்கங்களால் கடலை நோக்கிப் போவது (2)’ போல நேரான ஒன்று போதும். அதோடு, கருவைச் சாராத குறிப்புகள் கட்டத்தின் நான்கு மூலைகளிலும் பரவி இருக்கட்டும்.

ஒரு குறிப்பு இன்னொரு விடையைப் போட்டுக்கொடுப்பது கருப்பொருள் புதிருக்கே உரிய விபத்து. பவானிக்குக் ‘காவிரியின் துணையாறு’ என்று எழுதினால் கட்டத்தில் இருக்கும் காவிரி வெளியே வந்துவிடுகிறது. பொருளும் துல்லியமாக இல்லை, ஏனென்றால் நொய்யலும் அமராவதியும் காவிரியில்தான் கலக்கின்றன.

கருச்சொற்களில் ஏதாவது மாற்றம் செய்து கட்டத்தில் எழுத வேண்டும் என்றால் (ஓர் எழுத்தை விட்டுவிடுவது, தலைகீழாக எழுதுவது) முன்னுரை வக்கீல் பத்திரம் போல இருக்க வேண்டும். எத்தனை விடைகளில் மாற்றம், அடைப்புக்குறி எண் விடையின் நீளமா கட்டத்தின் நீளமா, விடுபட்ட எழுத்துகளை எந்த வரிசையில் சேர்ப்பது என்ற மூன்றும் ஐயமின்றி இருக்கட்டும். அமைத்து முடித்ததும் கருவைச் சொல்லாமல் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். கரு தெரியாமலும் ஒவ்வொரு விடையும் தன் குறிப்பை மட்டும் வைத்துக் கிடைக்க வேண்டும்.

அவிழ்ப்பவர்களுக்கு

கரு பிடிபட்டதும் குறிப்பை மறந்துவிட்டு ஊகத்தில் நிரப்புவதுதான் முதல் தவறு. ஒரு தப்பான செய்யாறு, அதைச் சந்திக்கும் மூன்று சொற்களைக் கெடுக்கும். சொல்விளையாட்டு முழுதும் விளங்கும்வரை பென்சிலில் எழுதுங்கள்.

குறிப்பு சொல்லும் கதையை நம்பாதீர்கள். முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் தனியே எடுத்து, இரண்டில் எது பொருளாக இருக்கும் என்று பாருங்கள். மாலை, கால், தலை, அகம், ஆறு போன்ற பல பொருள் சொற்கள் கண்ணில் பட்டால் வெளிப்படையாகத் தெரியும் பொருளை முதலில் ஒதுக்கிவையுங்கள்.

கிடைத்த எழுத்திலிருந்து அடுத்த எழுத்தை ஊகிக்கத் தமிழ் இலக்கணம் பெரிய துணை, பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. தமிழ்ச் சொல்லின் நடுவில் க், ச், த், ப் வந்தால் அடுத்த கட்டத்தில் அதே வரிசை எழுத்துதான் வரும். ‘த்’துக்குப் பின் த, தா, தி என்று பன்னிரண்டே வாய்ப்பு. ட், ற் இரண்டும் அப்படியல்ல, அவற்றுக்குப் பின் க, ச, ப வரிசைகளும் வரலாம். ‘ங்’ வந்தால் பெரும்பாலும் க வரிசை. ஒரு தமிழ்ச் சொல்லின் கடைசிக் கட்டத்தில் வல்லின மெய் விழுந்திருந்தால், விடை கேக், பேட் போன்ற வந்தேறு சொல்லா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் கடக்கும் சொல்லில்தான் பிழை, அழித்துவிட்டு அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.