பழைய வேர்ட் மென்பொருளில் ஸ்பானிய ஆவணத்தின் எழுத்துப்பிழைகளைத் திருத்துவது எப்படி?

எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியா போன்ற இடங்களில் தங்குமிடம் நடத்துபவர்கள் ஸ்பெயின் நாட்டுப் பயணிகளுக்காக ஓர் உணவுப் பட்டியலையோ வரவேற்புக் குறிப்பையோ அச்சிட விரும்பினால், அந்த வேலை பக்கத்து நகரத்துக் கொமியூனிகேஷன் கடைக்கு வந்து சேரும். அங்கிருக்கும் கணினி பழையதாக, வேர்ட் 2003 நிறுவப்பட்டதாக இருந்தாலும் கவலையில்லை. ஆங்கிலப் பதிப்பு ஒஃபிஸ் 2003 மென்பொருளுடன் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மூன்று மொழிகளின் பிழைதிருத்தக் கருவிகளும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே இணைய இணைப்பு இல்லாமலும், புதிதாக எதையும் வாங்காமலும் இந்த வேலையைச் செய்து முடிக்கலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்பானிய வரிகளைத் தட்டச்சு செய்தவுடன் பக்கம் முழுவதும் சிவப்பு நெளிகோடுகள் தோன்றினால், அவை எல்லாம் பிழைகள் என்று பொருளல்ல. வேர்ட் ஒவ்வொரு சொல்லுக்கும் அது எந்த மொழியைச் சேர்ந்தது என்ற ஓர் அடையாளத்தை வைத்திருக்கிறது. அந்த அடையாளம் ஆங்கிலம் என்று இருக்கும்வரை, சரியான ஸ்பானியச் சொல்லையும் ஆங்கில அகராதியில் தேடிவிட்டு, இல்லையென்று கோடு போடும். எனவே அடையாளத்தை மாற்றுவதே முதல் வேலை; திருத்துவது அதற்குப் பிறகுதான்.

கொன்ட்ரோல் விசையுடன் 'ஏ' விசையை அழுத்தி எழுத்துகள் அனைத்தையும் தேர்ந்தெடுங்கள். மேலே 'டூல்ஸ்' பட்டியைத் திறந்து, 'லாங்குவேஜ்' என்பதற்குள் உள்ள 'செட் லாங்குவேஜ்' கட்டளையைச் சொடுக்குங்கள். வேர்ட் 2007இல் இது 'ரிவியூ' தாவலிலேயே நேரடியாகக் கிடைக்கும். 2010இல் அதே தாவலில் 'லாங்குவேஜ்' பொத்தானுக்குள் இருக்கும். திறக்கும் பட்டியலில் ஸ்பானியம் பல நாட்டுப் பெயர்களோடு வரும். ஸ்பெயினுக்கு மட்டும் பழைய வரிசை, புதிய வரிசை என இரண்டு இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அந்த வேறுபாடு சொற்களை அகர வரிசைப்படுத்தும் முறையைப் பற்றியது, எழுத்துக்கூட்டலைப் பற்றியதல்ல. புதியதைத் தேர்ந்தெடுங்கள். பெயரின் அருகில் சரி அடையாளத்துடன் ஒரு சிறிய குறி இருந்தால், அந்த மொழிக்கான கருவி கணினியில் இருக்கிறது என்று பொருள். அதே பெட்டியின் கீழ்ப்பகுதியில், எழுத்துப்பிழையைச் சோதிக்க வேண்டாம் என்றும், மொழியைத் தானாகக் கண்டறி என்றும் கூறும் இரண்டு கட்டங்கள் உள்ளன. இரண்டிலும் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். தானாகக் கண்டறியும் வசதி நீண்ட பத்திகளில் ஓரளவு உதவும். ஆனால், இரண்டு மூன்று சொற்களே உள்ள உணவுப் பட்டியல் வரிகளில் அதை நான் நம்புவதில்லை.

முழுவதையும் தேர்ந்தெடுக்கும் கட்டளை பக்கத் தலைப்பு, அடிக்குறிப்பு, எழுத்துப் பெட்டி ஆகியவற்றைத் தொடாது. உணவுப் பட்டியல்கள் பெரும்பாலும் எழுத்துப் பெட்டிகளில்தான் வடிவமைக்கப்படுகின்றன என்பதால், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சென்று அதே படியை மறுபடியும் செய்ய வேண்டும்.

நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்பானிய வரிக்குக் கீழே தமிழ் வரியைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால், கண்ணுக்கு அது தமிழாகத் தெரிந்தாலும் வேர்ட்டுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கோவையே. அந்த வரிகளைத் தனியே தேர்ந்தெடுத்து, சோதிக்க வேண்டாம் என்ற கட்டத்தை அவற்றுக்கு மட்டும் இட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் வரிகள் எல்லாம் சிவந்து, உண்மையான ஸ்பானியப் பிழைகள் அவற்றுக்கிடையே மறைந்துவிடும்.

இனி எஃப் 7 விசையை அழுத்தலாம். கருவி ஒவ்வொரு ஐயத்துக்குரிய சொல்லிலும் நின்று பரிந்துரைகளைக் காட்டும். தலவாக்கலை, டிம்புல போன்ற ஊர்ப் பெயர்களிலும் அது நிற்கும். அவற்றை 'அட் டு டிக்ஷனரி' பொத்தானால் உங்கள் சொந்த அகராதியில் சேர்த்துவிட்டால் அடுத்த முறை தொல்லை இராது. பொருள் தெரியாத ஸ்பானியச் சொல்லை மட்டும் ஒருபோதும் அப்படிச் சேர்க்காதீர்கள். பிழையான வடிவம் ஒருமுறை அகராதிக்குள் புகுந்துவிட்டால் பிறகு எந்த ஆவணத்திலும் அது பிழையாகக் காட்டப்படாது.

கருவியே இல்லை என்ற செய்தி வந்தால், 'கொன்ட்ரோல் பெனல்' வழியாக ஒஃபிஸ் நிறுவலை மாற்றும் பகுதிக்குச் சென்று, பொதுக் கூறுகளின் கீழுள்ள பிழைதிருத்தக் கருவிகளில் ஸ்பானியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவல் இறுவட்டு கேட்கப்படலாம்.

குறியுள்ள எழுத்துகளை அடிப்பதற்கு வேர்ட்டிலேயே குறுக்குவழிகள் உள்ளன. கொன்ட்ரோலுடன் ஒற்றை மேற்கோள் விசையை அழுத்தி விட்டுவிட்டு உயிரெழுத்தை அடித்தால், அதன் மேல் சாய்கோடு வரும். கொன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டுடனும் 1 என்ற எண்ணுக்கு இடப்புறமுள்ள அலைக்கோட்டு விசையை அழுத்திவிட்டு 'என்' அடித்தால், அலைக்கோடிட்ட 'என்' கிடைக்கும். தலைகீழ்க் கேள்விக்குறிக்கு கொன்ட்ரோல், அல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு கேள்விக்குறி விசையை அழுத்த வேண்டும்.

இந்தக் குறிகளில் கவனம் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. தேநீரைக் குறிக்கும் 'தே' என்ற ஸ்பானியச் சொல்லில் 'ஈ' எழுத்தின் மேல் சாய்கோடு இருக்க வேண்டும். அது விடுபட்டால் 'உன்னை' என்று பொருள்படும் வேறொரு சரியான சொல்லாகிவிடுவதால், கருவி வாய் திறக்காது. ஆண்டைக் குறிக்கும் 'அஞ்ஞோ' என்ற சொல்லில் அலைக்கோடு விடுபட்டாலோ, அது உடலின் ஆசனவாயைக் குறித்துவிடும். அதையும் கருவி ஏற்றுக்கொள்ளும். புத்தாண்டு வாழ்த்து அச்சிடுபவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. இத்தகைய சொற்களை எஃப் 7க்குப் பிறகு 'ஃபைண்ட்' கட்டளையால் ஒவ்வொன்றாகத் தேடி, கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும்.

ஸ்பானிய அரச கல்விக்கழகம் 2010ஆம் ஆண்டில் எழுத்துக்கூட்டல் விதிகள் சிலவற்றை மாற்றியது. அதற்கு முன் வெளிவந்த மென்பொருளுக்கு அந்த மாற்றங்கள் தெரியாது என்பதால், வாடிக்கையாளர் தந்த அண்மைக்கால மூலத்தில் உள்ள வடிவத்தைக் கருவி மறுத்தால், மூலத்தையே பின்பற்றுங்கள்.

அச்சகத்துக்கு ஆவணத்தை அனுப்பும்போது மொழி அடையாளங்களும் அதனுடனேயே செல்லும். ஆனால் அங்குள்ள கணினியில் ஸ்பானியக் கருவி இல்லையென்றால் எந்தச் சொல்லின் கீழும் கோடு வராது. அங்கே கடைசி நேரத்தில் ஏதேனும் ஒரு வரியை மாற்றினால், கோடு இல்லாததைச் சரி என்று கொள்ளாமல், அந்த வரியை உங்கள் கணினியில் மீண்டும் சோதித்த பிறகே அச்சுக்கு விடுங்கள்.