பழைய புல்லட்டை வெட்டாமல் பாபர் ஆக்குவது

பாபர் (bobber) என்பது எதையும் கூட்டிச் செய்யும் மோட்டார் சைக்கிளன்று. கழற்றிக் கழற்றியே செய்யப்படும் வண்டி. 1930களிலும் 1940களிலும் அமெரிக்காவில் ஹார்லி, இந்தியன் வண்டிகளை வைத்திருந்தவர்கள் எடையைக் குறைத்து வேகம் காண்பதற்காக முன் மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். பின் மட்கார்டைக் குதிரை வாலைக் கத்தரிப்பதுபோலக் குட்டையாக்கினார்கள். ‘பாப் ஜாப்’ என்ற பெயர் அந்தக் கத்தரிப்பிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் மலிவாகக் கிடைத்ததும் இந்தப் பழக்கம் பரவியது. பிரேமையே அறுத்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை நீட்டிவைக்கும் சாப்பர் இதற்குப் பின்னால் வந்தது. பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, பாபர் வேண்டும் என்று பட்டறைக்குப் போய் பிரேமை அறுபடக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

நம் ஊரில் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350. 1955 முதல் சென்னையில் உருவாகி, திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல்லாண்டுகள் வெளிவந்த அந்த வண்டியின் எஞ்சின் 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சிசி. நெட்டையான அந்த எஞ்சினைச் சுற்றி மறைப்பு ஏதும் கிடையாது. பக்கவாட்டில் இரண்டு பெட்டிகள், இரண்டு கனத்த மட்கார்டுகள், ஒரு நீளமான சீட் ஆகியவற்றை எடுத்துவிட்டால் பாபரின் உருவம் பாதி தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான்: வண்டியோடு வந்த அசல் பாகம் எதன்மீதும் ரம்பமோ வெல்டிங்கோ படக்கூடாது. வெட்ட வேண்டிய பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டையிலோ உங்கள் ஊர்ப் பழைய உதிரிபாகக் கடையிலோ இன்னொன்று வாங்கி அதை வெட்டுங்கள். அசல் பரணுக்குப் போகட்டும்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. ஆகவே எஞ்சின், பிரேம், அவற்றில் பொறித்த எண்கள் ஆகியவற்றின் பக்கம் போகவே கூடாது. இருவர் அமரும் வண்டியை ஒருவர் அமர்வதாக்குவது, நிறத்தை மாற்றுவது போன்றவற்றுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டுவிடுவதே நல்லது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். பின்னால் ஆள் அமர்வதாக இருந்தால் கைப்பிடியும், ஃபுட்ரெஸ்ட்டும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் சேலைத் தடுப்பும் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கட்டாயம். அழகாக இல்லை என்று சேலைத் தடுப்பைக் கழற்றிவிட்டு மனைவியைப் பின்னால் ஏற்றிச் செல்பவரிடம் பேசிப் பயனில்லை.

அடுத்தது எஞ்சின். உடல்நலம் சரியில்லாத வண்டிக்கு அலங்காரம் செய்வது வீண் செலவு. கிக்கரை மெதுவாக மிதித்தால் அழுத்தம் காலைத் தாங்கி நிற்க வேண்டும். சட்டென்று இறங்கிவிட்டால் வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது. வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, வால்வுகளைத் திறக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினால் ஆயில் கசிந்து வர வேண்டும். வராவிட்டால் உடனே அணைத்துவிட்டு ஆயில் பம்பைப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிவைத்து ஃபோர்க்கை முன்னும் பின்னும் அசைத்தால், ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன் செட்டின் ஆட்டம் தெரியும். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்தால், அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்மானம் தெரியும். இவற்றைச் சரிசெய்து பழையபடியே ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு கழற்றத் தொடங்குங்கள்.

கழற்றும்போது ஒவ்வொரு பாகத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, அதன் நட்டு, போல்ட், வாஷர்களை ஒரு சிறு பையில் போட்டு, பெயரெழுதி, அந்தப் பாகத்திலேயே கட்டிவிடுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் போல்ட் மரைகளில் இங்கிலாந்து அளவும் மெட்ரிக் அளவும் கலந்து கிடக்கும் பழைய புல்லட்டில், ஒன்றின் போல்ட்டை இன்னொன்றில் முறுக்கி மரையை அழித்துவிட்டால் லேத்துக்குத்தான் ஓட வேண்டியிருக்கும்.

முன்பக்கத்தில் ஆசை பலரை ஏமாற்றும். ஹெட்லைட்டும் மீட்டரும் இரண்டு டைகர் லேம்ப்களும் பொருந்தியிருக்கும் அந்தப் பெரிய கிண்ணத்தைக் கழற்றிவிட்டுச் சிறிய உருண்டை விளக்கு ஒன்றைப் போட நினைப்பார்கள். அது வெறும் மூடியன்று. ஃபோர்க் குழாய்களின் மேல்முனைகள் அதில்தான் மரை போட்டு இறுகியிருக்கின்றன; அதை எடுத்தால் முன்பக்கமே கையோடு வந்துவிடும். அதை மாற்ற வேண்டுமென்றால் ஃபோர்க்கின் மேல்தாங்கியையே வேறாகச் செய்ய வேண்டும். விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. உலகில் வேறெந்த பாபருக்கும் அந்த முகம் கிடையாது. முன் மட்கார்டையும் முழுவதுமாக எடுக்காமல், வாங்கிவந்த பழைய மட்கார்டு ஒன்றைக் குறுக்கி அதே தாங்கிக் கம்பிகளில் பொருத்துவது நல்லது. இரண்டு ஃபோர்க் கால்களையும் இணைத்து நிறுத்துவதில் அந்தக் கம்பிகளுக்கும் பங்குண்டு. மழைக்காலத்தில் டயர் வாரியடிக்கும் சேறு நேரே எஞ்சின்மீது விழாமலும் இருக்கும்.

வண்டி பாபராகத் தெரிவதும் தெரியாததும் பின் மட்கார்டைப் பொறுத்தது. டயரின் வளைவோடு ஒட்டி நிற்கும் மட்கார்டுதான் கண்ணுக்கு அழகு. ஆனால் பழைய அமெரிக்க வண்டிகள் பலவற்றில் பின்பக்கம் ஷாக் அப்சார்பரே கிடையாது; சக்கரம் மேலும் கீழும் போகாததால் மட்கார்டை ஒட்டி வைக்க முடிந்தது. புல்லட்டில் சக்கரம் ஏறி இறங்கும். மட்கார்டைப் பிரேமில் பொருத்தினால் அந்த ஏற்றத்துக்கு முழு இடைவெளி விட வேண்டும். ஸ்விங் ஆர்மில் பொருத்தினால் சக்கரத்தோடு சேர்ந்தே அதுவும் ஏறி இறங்குவதால் ஒட்டி வைக்கலாம். பின்னால் ஆள் ஏற்றுவதாக இருந்தால் முதல் வழிதான். ஸ்விங் ஆர்மில் நிற்கும் மட்கார்டின்மேல் யாரையும் உட்காரவைக்கக் கூடாது.

பிரேமில் பொருத்துபவர்கள் செய்யும் தவற்றை நானும் செய்திருக்கிறேன். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கிய நிலையில் இரண்டு அங்குலம் இடைவெளி பார்த்து நிறைவடைந்துவிட்டேன். நண்பரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முதல் வேகத்தடையைத் தாண்டியதும் ரப்பர் கருகிய வாடை அடித்தது; மட்கார்டின் அடியில் ஓடிய டெயில் லைட் வயரை டயர் அறுத்து, ஃபியூஸும் போயிருந்தது. சரியான முறை இது: இரண்டு ஷாக் அப்சார்பர்களின் கீழ்ப் போல்ட்டுகளைக் கழற்றி விலக்கிவிட்டு, ஷாக் முழுவதும் அமுங்கினால் சக்கரம் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு உயரத்துக்கு அதைக் கட்டையால் தூக்கி நிறுத்துங்கள். அந்த நிலையில் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

ஸ்விங் ஆர்மில் பொருத்துபவர்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயில் ஒரு துண்டை டயரின் நடுக்கோட்டில் சுற்றிக் கட்டி, அதன்மேல் மட்கார்டைப் படுக்கவைத்தால், எங்கும் ஒரே சீராக ஓர் அங்குலம் அளவுக்கு இடைவெளி கிடைக்கும். அப்படியே ஓட்டைகளுக்குக் குறிவையுங்கள். செயினை இறுக்க நத்தை வடிவ அட்ஜஸ்டரைத் திருப்பும்போது சக்கரம் பின்னால் நகரும் என்பதை மறக்காமல், பின்கம்பியின் ஓட்டையை நீள்வட்டமாக விடுங்கள். தாங்கிக் கம்பி கெட்டியான உருட்டுக் கம்பியாக இருக்கட்டும். மெல்லிய பட்டை சிங்கிள் சிலிண்டரின் அதிர்வில் சில மாதங்களில் வெல்டிங் ஓரமாக விரிசல் விட்டுவிடும்; போல்ட் போடும் இடத்தில் ரப்பர் புஷ்ஷும் அகலமான வாஷரும் இருந்தால் தகடு கிழியாது.

ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டுக்கு முன்பக்கம் ஒரு கீல், பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங்குகள். கீலை அசல் சீட் பொருந்தியிருந்த ஓட்டையிலேயே பொருத்துங்கள்; ஸ்பிரிங்குகள் நிற்க, பிரேமின் இரு குழாய்களுக்கும் குறுக்கே ஓர் இரும்புத் தகட்டை யூ கிளாம்ப் கொண்டு இறுக்கினால் போதும். நீங்கள் அமரும்போது சீட்டின் அடிப்பகுதி எதன்மீதாவது இடிக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. சப்பாத்தி மாவில் நெல்லிக்காய் அளவு உருண்டைகள் செய்து மட்கார்டின்மீதும் பேட்டரியின்மீதும் ஒட்டிவையுங்கள். மேடுபள்ளமான தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். உருண்டை ஒரு ரூபாய் நாணயம்போல நசுங்கியிருந்தால் ஸ்பிரிங்கை உயர்த்த வேண்டும்.

ரிம்மை மாற்ற வேண்டியதில்லை. அதே 19 அங்குல ரிம்மில் 3.25 டயருக்குப் பதில் 3.50 போட்டாலே வண்டி சற்றுத் தடித்துத் தெரியும். செயின் பக்கமும் ஸ்விங் ஆர்ம் பக்கமும் உரசவில்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரைத் தாழ்த்தினால் கேபிள்கள் நீண்டு மடங்கும், உயர்த்தினால் இழுபடும். வண்டியை நிறுத்திவைத்து, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்புங்கள். எஞ்சின் சத்தம் தானாக ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் குட்டையாக இருக்கிறது. சென்டர் ஸ்டாண்டைக் கழற்றாதீர்கள். நெடுஞ்சாலையில் பின்டயர் பஞ்சரானால் அதன் அருமை தெரியும்.

பக்கவாட்டுப் பெட்டிகளை எடுத்தால் பேட்டரிக்கும் ஏர் ஃபில்டருக்கும் வேறு இடம் தேட வேண்டும். பேட்டரியை சீட்டுக்கு அடியில் ஒரு தட்டில் ரப்பர் பட்டை போட்டுக் கட்டலாம். கூம்பு வடிவ ஃபில்டரை நேரே கார்புரேட்டரில் மாட்டினால் காற்று கூடி, பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடாகும். வார்ப்பிரும்பு எஞ்சினுக்குச் சூடு ஆகாது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை ஒவ்வொரு படியாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் சில கிலோமீட்டர் ஓட்டிய பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம், வெளிர் பழுப்பு நிறமே சரியானது. சைலன்சரில் கைவைக்க வேண்டாம். உள்ளே இருப்பதை உருவிவிட்டால் வேகம் கூடும் என்பது வெறும் பேச்சு. கூடுவது சத்தமும் போலீஸ் வழிமறிப்பும்தான்.

வயரிங்கைப் புதிதாகவே இழுத்துவிடுங்கள். பழைய வயர்களின் மேலுறை கையில் பொடிந்து வரும். அவற்றுக்கு டேப் சுற்றுவது நோயை மறைப்பதாகும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். எர்த் வயரைப் பெயிண்டின்மேல் வைக்காமல், சுரண்டி இரும்பு தெரியும் இடத்தில் இறுக்குங்கள். டெயில் லைட்டுக்குப் போகும் வயர் மட்கார்டின் உட்புறம் ஒரு சிறு குழாய்க்குள் ஓடட்டும். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு வேண்டாம். இன்டிகேட்டர், பிரேக் லைட், கண்ணாடி, நம்பர் பிளேட் எதையும் விட்டுவிடாதீர்கள்.

பெயிண்டைக் கடைசியில்தான் அடிக்க வேண்டும். எல்லாவற்றையும் பெயிண்ட் இல்லாமலே பொருத்தி ஒரு வாரம் ஓட்டி, ஓட்டைகளும் இடைவெளிகளும் சரியென்று உறுதியான பிறகே கழற்றி அனுப்புங்கள். பவுடர் கோட்டிங் செய்த மட்கார்டில் மறுபடி டிரில் போட்டால் அந்த ஓட்டையிலிருந்தே துரு தொடங்கும்.

மீண்டும் பூட்டியதும் ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்ச் அடித்து ஒவ்வொரு கோட்டையும் பாருங்கள். கோடு பிசகியிருந்தால் அந்த நட்டு சுழன்றிருக்கிறது. அதைக் கழற்றி, தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் கொண்ட நைலாக் நட்டு போட்டு இறுக்கி, மறுபடி கோடு இழுத்து, அடுத்த 100 கிலோமீட்டருக்குப் பின் இன்னொரு முறை பாருங்கள்.