ஜெம் கிளிப்பும் மல்டிமீட்டரும் போதும்: எஸ்.எம்.பி.எஸ்.ஸை வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

டெஸ்க்டாப் கணினி திடீரென்று ஆன் ஆகாமல் போனால் பெரும்பாலானவர்கள் முதலில் சந்தேகப்படுவது மதர்போர்டை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கேபினட்டின் பின்பக்கம் இருக்கும் அந்தத் தகரப் பெட்டியைத்தான். வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அதன் பெயர்தான் எஸ்.எம்.பி.எஸ். (Switched-Mode Power Supply). எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஒரு ஜெம் கிளிப்பும் போதும். எந்தக் கம்பியில் என்ன வர வேண்டும், ஏன் வர வேண்டும் என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். அந்த 'ஏன்' புரிந்துவிட்டால் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதனால் சோதனையையும் அதன் பின்னால் இருக்கும் கண்டுபிடிப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொடங்கும் முன்: பெட்டியைத் திறக்காதீர்கள்

இந்தச் சோதனை முழுக்க வெளியே வரும் கம்பிகளில்தான். பெட்டியின் ஸ்க்ரூவில் கை வைக்கவே வேண்டாம். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி. உள்ளே போனதும் டி.சி.யாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிவிடும். பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சர்க்யூட் உள்ள புதிய எஸ்.எம்.பி.எஸ்.களில் அது 380, 400 வரை போகும். அந்த மின்சாரம் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றில் தேங்கி நிற்கிறது; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கலாம். வெளியே வரும் கம்பிகளில் அதிகபட்சம் 12 வோல்ட்தான். தொட்டால் ஆபத்தில்லை, ஒன்றோடொன்று உரசவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முதல் படி: பின்பக்கத்தைப் பாருங்கள்

பின்னால் உள்ள சின்ன ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா, பவர் கார்டு முழுமையாகச் செருகியிருக்கிறதா, சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் கரண்ட் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வேறொரு கார்டு கிடைத்தால் மாற்றிப் பார்ப்பதும் நல்லது.

பழைய எஸ்.எம்.பி.எஸ். என்றால் பின்னால் சிவப்பு நிறத்தில் 115/230 என்று நகர்த்தும் ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அது 230இல்தான் இருக்க வேண்டும். 115இல் வைத்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் வரும் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும். 115 வோல்ட் உள்ள நாடுகளுக்கு அது சரி. இங்கே அப்படி வைத்து ஆன் செய்தால் 325க்குப் பதில் 650 வோல்ட் உருவாகி, கெப்பாசிட்டர் வெடிக்கும். வீட்டில் குழந்தைகள் விளையாட்டாக நகர்த்திவிடலாம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? அதையும் இப்போதே கவனியுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில், மின் இரைச்சலைத் தரைக்கு அனுப்ப லைனிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் தகரப் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினட் முழுவதும் 230இல் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் இழுப்பதோடு நின்றுவிடுகிறது. பலர் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் லீக்கேஜ் என்று நினைத்துப் புதிதாக வாங்கி மாட்டுகிறார்கள். புதியதும் அப்படியே இழுக்கும். குறை வீட்டு வயரிங்கில். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகுவதை நிறுத்துங்கள், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பாருங்கள்.

இரண்டாம் படி: கழற்றுங்கள்

பிளக்கைப் பிடுங்கியபின் கணினியின் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டைத் திறந்து, எந்தக் கேபிள் எங்கே இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 24 பின் உள்ள பெரிய கனெக்டர், பிராசஸர் அருகில் உள்ள 4 அல்லது 8 பின் கனெக்டர், கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் என்று எல்லாவற்றையும் கழற்றுங்கள். இழுப்பதற்கு முன் கனெக்டரில் உள்ள பூட்டுக் கிளிப்பை அழுத்த வேண்டும்.

பழைய கேபினட் ஃபேன் ஒன்றோ, தேவையில்லாத டி.வி.டி. டிரைவோ இருந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டி வையுங்கள். லோடே (மின்சாரத்தை இழுக்கும் சாதனமே) இல்லாமல் ஓடினால் சில பழைய மாடல்கள் சரியான அளவைக் காட்டாது.

சின்னப் பெட்டி எப்படிச் சாத்தியமானது?

மீட்டரைத் தொடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பெல்லாம் 230 வோல்ட்டைக் குறைக்க, இரும்புத் தகடுகளால் ஆன கனத்த ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். குறைத்த பிறகு மிஞ்சும் வோல்ட்டை ரெகுலேட்டர் சூடாக எரித்துத் தள்ளும். பாதி மின்சாரம் இப்படி வீணாவது சாதாரணம்.

எஸ்.எம்.பி.எஸ். வேறு வழியில் போகிறது. முதலில் ஏ.சி.யை டி.சி.யாக்கி, அதை ஒரு ட்ரான்சிஸ்டரால் நொடிக்கு ஐம்பதாயிரம், லட்சம் தடவை என்று வெட்டுகிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவைதான் அலைகிறது, அதனால் ஒவ்வொரு அலைக்கும் நிறைய ஆற்றலைக் கடத்தியாக வேண்டும். பெரிய குடத்தில் ஒரு நடை தண்ணீர் எடுப்பதும் சின்னச் செம்பில் நூறு நடை எடுப்பதும் போல, நடை கூடக் கூடப் பாத்திரம் சிறிதானால் போதும். அதனால்தான் உள்ளங்கைக்குள் அடங்கும் ஃபெரைட் ட்ரான்ஸ்ஃபார்மர் நூற்றுக்கணக்கான வாட்டைத் தாங்குகிறது. அந்த ட்ரான்சிஸ்டர் முழுதாகத் திறந்திருக்கும், இல்லையென்றால் முழுதாக மூடியிருக்கும். இடைப்பட்ட நிலையில் நிற்காததால் சூடும் குறைவு.

இந்த முறை 1960களிலேயே செயற்கைக்கோள்களில் இருந்தது. வீட்டுக் கணினிக்கு அதைப் புகழ்பெற வைத்தது 1977இல் வந்த ஆப்பிள் 2. ஃபேன் சத்தமே இருக்கக் கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பினார். ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் அதற்கேற்ற எஸ்.எம்.பி.எஸ்.ஸை வடிவமைத்தார், 1978இல் காப்புரிமையும் கிடைத்தது. இந்தத் துறையையே அவர்தான் மாற்றினார் என்று சொல்வது கொஞ்சம் மிகை. அதிக வோல்ட்டைத் தாங்கும் வேகமான ட்ரான்சிஸ்டர்கள் மலிவானதுதான் உண்மையான காரணம் என்பது என் கருத்து. ஆனாலும் மின்விசிறியே இல்லாமல் அதைச் செய்து காட்டியது பெரிய வேலைதான். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் எஸ்.எம்.பி.எஸ். வெறும் 63.5 வாட். இன்று ஒரு கிராபிக்ஸ் கார்டே அதைப்போல் பல மடங்கு கேட்கிறது.

மூன்றாம் படி: ஊதா கம்பி

மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனையை 24 பின் கனெக்டரின் ஏதாவது ஒரு கருப்புக் கம்பித் துளையில் செருகுங்கள். கருப்பு எல்லாமே கிரவுண்டு, அதாவது பூஜ்ஜிய வோல்ட். எஸ்.எம்.பி.எஸ்.ஸை பிளக்கில் செருகி ஸ்விட்ச் போடுங்கள். ஃபேன் சுற்றாது, சுற்றவும் கூடாது. இப்போது சிவப்பு முனையை ஊதா கம்பியில் வையுங்கள். 4.75க்கும் 5.25க்கும் நடுவில் காட்ட வேண்டும்.

இது ஸ்டேண்ட்பை மின்சாரம். கணினி அணைந்திருக்கும்போதும் இது மட்டும் வந்துகொண்டே இருக்கும். 1995இல் இண்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். வடிவமைப்பு தந்த மாற்றம் இது. அதற்கு முந்தைய ஏ.டி. கணினிகளில் முன்பக்கப் பட்டன் வரை வீட்டு மின்சாரமே நேரடியாக வரும். ஏ.டி.எக்ஸ்.ஸில் பட்டன் மதர்போர்டுக்கு ஒரு சமிக்ஞை மட்டும் கொடுக்கிறது. அதைக் கேட்க மதர்போர்டு விழித்திருக்க வேண்டுமே, அதற்குத்தான் ஊதா. இதில் எதுவும் வரவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது, மேற்கொண்டு சோதிக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: பச்சையும் ஜெம் கிளிப்பும்

ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி 'யு' போல வளைத்து, ஒரு முனையைப் பச்சைக் கம்பித் துளையிலும் மறுமுனையைப் பக்கத்துக் கருப்பிலும் செருகுங்கள். பவர் பட்டனை அழுத்தும்போது மதர்போர்டு செய்வதும் இதையேதான்: பச்சையைக் கிரவுண்டோடு சேர்க்கிறது. இதில் ஓடுவது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான், கிளிப் சூடாகாது.

எல்லாக் கம்பியும் கருப்பாக உள்ள புது மாடலா? கனெக்டரின் பூட்டுக் கிளிப் இருக்கும் பக்கத்தில் உள்ள வரிசையில் ஒரே ஒரு துளை கம்பி இல்லாமல் காலியாக இருக்கும். அதன் ஒரு பக்கம் நான்கு கம்பிகள், மறுபக்கம் ஏழு. ஏழு இருக்கும் பக்கமாகக் காலித் துளையிலிருந்து எண்ணினால் முதல் மூன்றும் கிரவுண்டு, நான்காவது பச்சைக்குரியது. உறுதி செய்ய வேண்டுமா? ஸ்டேண்ட்பையில் வோல்ட் காட்டுவது இரண்டே இடங்கள்: ஊதாவும் பச்சையும். அந்தக் காலித் துளையைப் பார்த்துக் கம்பி அறுந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். மதர்போர்டில் செருகும் பழைய ஐ.எஸ்.ஏ. வகைக் கார்டுகளுக்காக மைனஸ் 5 வோல்ட் வந்த இடம் அது. அந்தக் கார்டுகள் போனதும் கம்பியும் போய்விட்டது.

இப்போது மீண்டும் பிளக்கில் செருகி ஸ்விட்ச் போடுங்கள். ஃபேன் சுற்றும். சூடானால் மட்டும் ஃபேன் ஓடும் மாடல்களில் ஒரு கணம் அசைந்து நின்றுவிடலாம், அது கோளாறு இல்லை.

ஐந்தாம் படி: ஒவ்வொரு நிறத்தையும் அளந்து பாருங்கள் (வோல்ட்டில்)

ஆரஞ்சு: 3.14 முதல் 3.47 வரை
சிவப்பு: 4.75 முதல் 5.25 வரை
மஞ்சள்: 11.4 முதல் 12.6 வரை
நீலம்: மைனஸ் 10.8 முதல் மைனஸ் 13.2 வரை
சாம்பல்: சுமார் 5

சாம்பல் கம்பி மின்சாரம் கொடுப்பதற்கானது அல்ல. மற்ற எல்லாம் நிலைபெற்ற பிறகு "எல்லாம் தயார்" என்று மதர்போர்டுக்குச் சொல்வது அதன் வேலை. ஆன் செய்து 100 முதல் 500 மில்லி விநாடி கழித்துத்தான் வரும். மற்ற கம்பிகள் சரியாக இருந்தும் சாம்பலில் ஒன்றும் வராவிட்டால் மதர்போர்டு தொடங்கவே தொடங்காது. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

மஞ்சளை இரண்டு தடவை பாருங்கள். இன்றைய கணினியில் பெரும்பாலான வேலை 12 வோல்ட்டில்தான் நடக்கிறது. 60 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்ப 12 ஆம்பியர் வேண்டும், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். கம்பி சூடாவது ஆம்பியரின் இருமடியைப் பொறுத்தது என்பதால் வித்தியாசம் பெரிது. 2000இல் பென்டியம் 4 வந்தபோது பிராசஸருக்கென்றே தனியாக 4 பின் கனெக்டர் சேர்த்ததும் இதனால்தான். பிராசஸர் ஏறத்தாழ 1.2 வோல்ட்டில் ஓடுகிறது. 100 வாட் என்றால் 80 ஆம்பியருக்கும் மேல். அதைத் தூரத்திலிருந்து கம்பியில் கொண்டுவர முடியாது. அதனால் மதர்போர்டு 12 வோல்ட்டை வாங்கிப் பிராசஸருக்குப் பக்கத்திலேயே குறைத்துக்கொள்கிறது.

ஆறாம் படி: லோடில் அளப்பது

எல்லா எண்ணும் சரி, ஆனால் கேம் ஆடும்போது கணினி அணைந்து அணைந்து ஆன் ஆகிறதா? லோடு இல்லாத சோதனை அதைக் காட்டாது. பிளக்கைப் பிடுங்கி, ஜெம் கிளிப்பை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மாட்டுங்கள். கணினியை ஓடவிட்டு, கனெக்டரின் பின்பக்கம், கம்பி நுழையும் இடத்தில் மீட்டர் முனையை மெதுவாகச் செருகி மஞ்சளை அளந்து பாருங்கள். முனை பக்கத்துக் கம்பியைத் தொடக்கூடாது. கனமான வேலை கொடுக்கும்போது 11.4க்குக் கீழே இறங்கினால் எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. பெரும்பாலும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் வயதாகியிருக்கும். 12 வோல்ட்டில் 120 மில்லி வோல்ட்டுக்குமேல் சலசலப்பு (வேகமான ஏற்ற இறக்கம்) இருக்கக் கூடாது என்பது விதி, ஆனால் அதை மல்டிமீட்டர் காட்டாது, அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும்.

புதிது மாட்டும்போது

80 பிளஸ் முத்திரை உள்ளதாகப் பாருங்கள். மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்காக 2004இல் தொடங்கிய சான்று அது. கணினிக்கு 300 வாட் வேண்டும் என்றால், 80 சதவீதத் திறன் உள்ளது சுவரிலிருந்து 375 வாட் இழுக்கும். 90 சதவீதம் உள்ளது 333. மிச்சமெல்லாம் சூடு.

பிராசஸரின் 8 பின்னும் கிராபிக்ஸ் கார்டின் 8 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். உள்ளே போகவில்லை என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள். கிராபிக்ஸ் கார்டின் புதிய 16 பின் கனெக்டர் 600 வாட் வரை, அதாவது 50 ஆம்பியரை ஆறு ஜோடிப் பின்களில் கடத்துகிறது. அரைகுறையாகச் செருகினால் உருகும், கடைசி வரை அழுத்தி இடைவெளி இல்லை என்று கண்ணால் பாருங்கள்.

கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடல் என்றால், பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிளைப் புதியதில் பயன்படுத்தவே கூடாது. மதர்போர்டு முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். எஸ்.எம்.பி.எஸ். முனையின் கம்பி வரிசைக்குப் பொது விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களில்கூட மாறும். மாற்றி மாட்டினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 போய் ஹார்ட் டிஸ்க் எரியும். பழைய கேபிள்களை எல்லாம் கழற்றி, பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு சேர்த்தே கட்டி வைத்துவிடுங்கள்.