மெத்தென்ற பெடலோடு பறக்காதீர்கள்

மருந்து தெளிக்கும் விமானத்துக்குப் புதிதாக வருபவர்கள் தரையிறங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நான் செய்த அதே தவறுகள். பக்கக்காற்றைக் கவனி, ஓடுபாதையின் நீளத்தைப் பார் என்பதெல்லாம் எல்லாரும் சொல்லித் தருவதுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ரெண்டு மிதி மிதிச்சா சரியாயிடும்"

பிரேக் பெடல் மெத்தென்று போவதைப் பற்றிப் போன வாரம் ஒரு புதுப் பையன் இதைச் சொன்னான். உடனே விமானத்தை விட்டு இறங்கச் சொன்னேன். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இன்றும் கோபம் வரும்.

ஒரு நாள் காலையிலிருந்தே என் இடது பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. இரண்டு முறை மிதித்தால் கெட்டியாகிவிடும். வேலை அவசரம், மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கடைசியாக இறங்கியபோது வேகம் குறைந்து, ரடருக்கு (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) காற்றுப் போதாமல் போன நேரத்தில் மூக்கு வலப்பக்கம் திரும்பியது. இடது பிரேக்கை மிதித்தேன். பெடல் அடிவரை போனது. பதறிப்போய் இரண்டையும் மிதிக்க, வலது மட்டும் பிடித்தது. விமானம் சுழன்று, இடது இறக்கை நுனி மண்ணில் உரசி, புரொப்பல்லரும் தரையில் அடித்தது. அப்படி அடிபட்டால் இன்ஜினையும் பிரித்துச் சோதிக்க வேண்டும். அந்தப் பருவம் முழுக்க விமானம் ஷெட்டில்தான் நின்றது.

பிறகுதான் குனிந்து பார்த்தேன். இடது காலிப்பரிலிருந்து (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பாகம்) டயர் வரை கசிந்த ஆயிலின் மெல்லிய சிவப்புக் கோடு, அதன்மேல் ஒட்டிய புழுதி. உள்ளே ஆயில் கசியாமல் தடுக்கும் ஓர் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கிழிந்திருந்தது.

பெடல் மெத்தென்றிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும், அல்லது ஆயில் கசியும். திரும்பத் திரும்ப மிதித்தால் கூடுதல் ஆயில் போய்ச் சற்று நேரம் கெட்டியாகும். கசிவு இருந்தாலோ ஒவ்வொரு மிதியும் மிச்ச ஆயிலை வெளியே தள்ளும். நம்முடையது போல வாலில் சிறு சக்கரம் உள்ள விமானத்தில் எடை மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தொடங்கிய திருப்பம் தானாகவே பெரிதாகும். ஆகவே டவுன்விண்டிலேயே, அதாவது இறங்கும் முன் ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும்போதே, இரண்டு பெடலையும் அழுத்திப் பாருங்கள். ஒன்று மெத்தென்றால் நீளமான பாதையில், எதிர்காற்றில் இறங்குங்கள். நன்றாக இருக்கும் பிரேக்கையும் ஓங்கி மிதிக்காதீர்கள்.

கார் பிரேக் ஆயில்

ஊற்றவே கூடாது. சிவப்பு மினரல் ஆயிலுக்கான சீல்கள் கெட்டுவிடும்.

பாதம்

தொடும்போது குதிகால் தளத்தில் இருக்கட்டும். பெடலின் கீழ்ப்பக்கம் ரடருக்கு, மேல்பக்கம் பிரேக்குக்கு; மேல்பக்கம் பாதம் இருந்தால், தெரியாமலே பிரேக் பிடித்து மூக்கு குத்தும்.

சூடு

10 சதவீதம் வேகமாக இறங்கினால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடும். அடுத்தடுத்து இறங்கும் நாளில் டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. அந்தச் சூட்டோடு பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.