ஹாகியா சோபியாவின் மாற்றங்களை நேரில் பார்ப்பது எப்படி

இஸ்தான்புல் போகிறவர்கள் பலர் ஹாகியா சோபியாவின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்து நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ரொம்ப வருத்தமான விஷயம் அது. 537இல் தேவாலயமாகத் திறந்து, 1453இல் பள்ளிவாசலாகி, 1935இல் அருங்காட்சியகமாகி, 2020இல் மறுபடி பள்ளிவாசலான கட்டடம். ஒவ்வொரு மாற்றத்தின் தடமும் உள்ளேயே இருக்கிறது.

2024 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மாடி மட்டும்தான், கட்டணம் 25 யூரோ. கீழ்த்தளம் தொழுகைக்கு. ஆனால் மாடிதான் பார்க்க நல்ல இடம், கவலை வேண்டாம்.

முதலில் மாடியின் நடுவில் நின்று எதிரே கீழே பாருங்கள். தேவாலயத்துக்காகக் கட்டிய அரைவட்டச் சுவரின் நடுவில் மிஹ்ராப் (தொழுகைத் திசையைக் காட்டும் சுவர்க்குழிவு) இல்லை, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளியிருக்கும். மக்காவின் திசை கட்டடத்தின் அச்சோடு ஒத்துப்போகாததால் இப்படி. கீழே விரித்த கம்பளத்தின் கோடுகளும் சாய்வாகவே ஓடும். இதைக் கவனித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகக் கண்ணில் படும்.

அப்புறம் பெரிய வட்டப் பலகைகள். ஏழரை மீட்டர் அகலம், அல்லாஹ், முகமது நபி, நான்கு கலீபாக்கள், ஹசன், ஹுசைன் பெயர்கள். 1847 முதல் 1849 வரை கட்டடக் கலைஞர்களான ஃபொஸ்ஸாட்டி சகோதரர்கள் செய்த பழுதுபார்ப்பின்போது மாட்டியவை. அருங்காட்சியகமான பிறகு இவற்றைக் கழற்றினார்கள், வாசல் வழியாக வெளியே கொண்டுபோக முடியவில்லை, 1949இல் திரும்ப மாட்டிவிட்டார்கள். பக்கத்திலேயே குவிமாடத்தின் மூலைகளில் ஆளுக்கு ஆறு சிறகுள்ள தேவதூதர்கள் இருக்கிறார்கள். முகங்களை உலோக மூடி போட்டு மறைத்திருந்தார்கள், 2009இல் ஒன்றை மட்டும் திறந்தார்கள், அதைத் தேடிப் பிடியுங்கள்.

தெற்குப் பக்க மாடியில் அவசரப்படாதீர்கள். இயேசு, மரியாள், யோவான் மூவரும் உள்ள மொசைக்கின் (சிறு துண்டுகளைப் பதித்துச் செய்த படம்) கீழ்ப்பாதி உதிர்ந்துவிட்டது, ஆனால் அந்த முகங்கள் போதும். எதிரே தரையில் என்ரிக்கோ டான்டொலோவின் பெயர் பொறித்த கல். 1204இல் சிலுவைப் போர்ப் படையோடு வந்து நகரைக் கைப்பற்றிய வெனிஸ் தலைவர் அவர், 1261 வரை இது கத்தோலிக்கர் கையில் இருந்தது. பலரும் இந்தக் கட்டத்தை மறந்தே போகிறார்கள். கிழக்கு மூலையில் பேரரசி சோயியின் மொசைக் இருக்கிறது, அதில் இயேசு, சோயி, அவருடைய கணவர் மூவரின் முகங்களையும் மாற்றியிருக்கிறார்கள், உற்றுப் பார்த்தால் ஒட்டுவேலை தெரியும்.

தலைமூடத் துணி கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள், தொழுகை நேரம்.