வாஷிங்டன் வீட்டுச் சொத்து யாருடையது? காலனிக்கால அமெரிக்க வாரிசுரிமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலனிக்கால வர்ஜீனியாவின் பெரிய வீட்டுக் கதையை எழுதும்போதெல்லாம், நிலமெல்லாம் மூத்த மகனுக்குப் போயிருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அப்படி ஒரு சட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால்தான் அதற்கு வேலை. ஜார்ஜ் வாஷிங்டனின் தந்தை உயில் எழுதியிருந்தார். 1743-ல் அவர் இறந்தபோது, இரண்டாம் தாரத்துப் பிள்ளையான 11 வயது ஜார்ஜுக்கும் ஒரு பண்ணை கிடைத்தது. மாசசூசெட்ஸில் கதையே வேறு. அங்கே உயில் இல்லாவிட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாகம் உண்டு. மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு, அவ்வளவுதான்.

அடுத்த தவறு, ஒருவர் குடியிருந்தார் என்பதாலேயே அவருக்குச் சொந்தம் என்று எழுதிவிடுவது. வாஷிங்டன் குடும்பப் பண்ணையான மவுண்ட் வெர்னன் முதலில் அண்ணன் லாரன்ஸுக்குப் போனது. அவர் 1752-ல் இறந்தபின் அனுபவ உரிமை அண்ணிக்கு. ஜார்ஜ் 1754 முதல் அண்ணியிடம் குத்தகை கட்டித்தான் அங்கே இருந்தார். 1761-ல் அண்ணி காலமான பிறகே அது அவர் கைக்கு வந்தது.

விதவையின் பங்கில்தான் அதிகம் சறுக்குகிறோம். ‘மார்த்தாவை மணந்ததும் வாஷிங்டன் பெரும் அடிமைக் கூட்டத்துக்கு உரிமையாளரானார்’ என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-ல் உயில் இல்லாமல் இறந்தார். சட்டப்படி மார்த்தாவுக்கு நிலத்திலும் அடிமைகளிலும் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஆயுள் வரைக்கும்தான். நம் பத்திரங்களில் ‘ஆயுள் பரியந்தம் ஆண்டு அனுபவித்து’ என்று வருமே, அதே மாதிரி. வேலை வாங்கலாம், பலனை அனுபவிக்கலாம். விற்கவோ விடுதலை செய்யவோ முடியாது. அந்தப் பங்கில் இருந்த அடிமைப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளும் கஸ்டிஸ் வாரிசுகளின் கணக்கில்தான் சேர்ந்தார்கள்.

இதன் கொடுமை 1799-ல் தெரிந்தது. வாஷிங்டன் தன் உயிலில் தனக்குச் சொந்தமான 123 பேருக்கு விடுதலை எழுதிவைத்தார். கஸ்டிஸ் பங்கில் இருந்த 153 பேரைத் தொட அவருக்கு அதிகாரம் இல்லை. ஒரு தரப்பில் இருந்தவர்கள் மறு தரப்பில் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். கணவனுக்கு விடுதலை, மனைவியும் பிள்ளைகளும் அடிமை என்ற நிலை வந்தது. 1802-ல் மார்த்தா இறந்ததும் அந்தப் பங்கு ஆட்களைப் பேரப்பிள்ளைகள் நான்கு பேரும் பிரித்துக்கொண்டார்கள்.

சரி, பின்னாளில் அமெரிக்காவின் மூன்றாவது அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1776-லேயே வர்ஜீனியாவில் மூத்த மகன் சட்டத்தை ஒழித்தார் என்பதும் தவறு. அந்த ஆண்டு ஒழிந்தது, நிலத்தை விற்கவிடாமல் ஒரே வாரிசு வழிக்குக் கட்டிவைக்கும் முறை. மூத்த மகன் சட்டத்தை ஒழிக்கும் சட்டம் 1785-ல்தான் நிறைவேறியது.

அப்புறம், கடன். ஏக்கரை மட்டும் எண்ணிவிட்டுக் கடனை மறந்துவிடுகிறோம். 1773-ல் ஜெஃபர்சனின் மாமனார் இறந்தபோது ஜெஃபர்சன் குடும்பத்துக்குச் சுமார் 11,000 ஏக்கரும் 135 அடிமைகளும் வந்தார்கள். கூடவே மாமனார் பிரிட்டிஷ் வியாபாரிகளுக்குத் தரவேண்டிய பாக்கியும் வந்தது. அதை அடைக்க ஜெஃபர்சன் நிலத்தை விற்றார். வாங்கியவர்கள் கொடுத்த காகிதப் பணம் போர்க்காலத்தில் மதிப்பிழந்துபோனதால் கடன் அப்படியே நின்றது. பிறகு அவரே வாங்கிய கடன்களும் மேலே ஏறின. 1826-ல் அவர் இறந்தார். அடுத்த ஜனவரியில் அவருடைய தோட்டமான மான்டிசெல்லோவில் ஏலம். விற்பனைக்கு நிறுத்தப்பட்டவர்கள் அந்தத் தோட்டத்தின் அடிமைகள்.