தோர்கலைத் தனி ஆல்பத்தில் கண்டவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சாள் ஒருத்தி, வெள்ளவத்தை வீட்டில் ஒரு பிரெஞ்சு சித்திரக்கதையை விட்டுச் சென்றாள். பெயர் ‘அதியூ ஆரிசியா’. போவதற்கு முன் ஒரு மத்தியானம் முழுக்க என் பக்கத்தில் இருந்து, பக்கம் பக்கமாகத் தமிழில் கதை சொன்னாள். மனைவி ஆரிசியாவை இழந்த முதிய தோர்கலின் கதை அது; வைக்கிங்குகளிடையே வளர்ந்த வீரன் அவன். தோர்கல் யாரென்றே எனக்கு அதுவரை தெரியாது. ஆனாலும் தொண்டை அடைத்தது.

அது 2023இல் தொடங்கிய ‘தோர்கல் சாகா’ வரிசையின் முதல் புத்தகம். அந்த வரிசையில் ஒவ்வொரு புத்தகமும் வேறு படைப்பாளிகள் செய்யும் முழுக்கதை. இதை எழுதி வரைந்தவர் ரொபின் ரெஷ்ட். இப்படி உள்ளே வருபவர்கள் அடுத்து எங்கே போவது என்பதில்தான் இடறுகிறார்கள். நானும் இடறினேன்.

முதல் தவறு, உடனே மூலத்தொடரின் ஒன்றாம் ஆல்பத்துக்கு (சித்திரக்கதைப் புத்தகத்துக்கு அங்கே அதுதான் பெயர்) ஓடுவது. தோர்கல் 1977இல் பெல்ஜியத்தின் ‘டின்டின்’ சஞ்சிகையில் தொடங்கினான். கதை வான் ஹாம், சித்திரம் போலந்துக்காரர் ரோசின்ஸ்கி. கடற்பாறையில் கட்டப்பட்டு, ஏறிவரும் அலையில் சாகக் காத்திருக்கும் தோர்கலோடு கதை ஆரம்பிக்கிறது. அருமையான தொடக்கம்தான். ஆனால் படைப்பாளிகள் இருவரும் அப்போது தங்கள் வழியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ரோசின்ஸ்கி நேரடியாக வண்ணம் தீட்டிய 29ஆவது ஆல்பத்தை (2006) அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வேறொருவர் கை போலிருக்கும். ஒன்றாம் ஆல்பத்தை வைத்து இந்தத் தொடரையே கைவிட்டவர்களை நினைத்தால் மனவருத்தமாக இருக்கிறது.

என்னைக் கேட்டால், ஏழாவதை முதலில் எடுங்கள். தோர்கலின் சிறுவயதைச் சொல்லும் மூன்று சிறிய கதைகள். பிறகு எட்டாவது, ‘அலினோவே’. அதுவும் தனிக்கதைதான், வாசித்த இரவில் நித்திரை வராது. இரண்டும் முடிந்ததும் ஒன்றுக்குத் திரும்பலாம். அப்போது அந்தக் கடற்பாறைக் காட்சி வேறு மாதிரித் தெரியும்.

ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை ஐந்தும் ஒரே பெரிய கதை. ஐந்தும் கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம். மருதானைப் பழைய புத்தகக் கடையில் பத்தாவது மட்டும் கிடைத்தால் வாங்கி வையுங்கள், திறக்காதீர்கள்.

இலக்கத்தை நம்புவது அடுத்த பிழை. லண்டனிலிருந்து வந்த சித்தப்பாவிடம் “ஒன்பதாம் இலக்கம்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவரும் பாவம், தேடி அலைந்து ஆங்கிலப் பதிப்பில் ஒன்பதைக் கொண்டுவந்தார். அது நான் கேட்ட கதையே இல்லை. சினிபுக் நிறுவனத்தின் ஆங்கிலப் பதிப்பு தனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. அதன் ஒன்றாம் புத்தகத்தில் இருப்பவை மூலத்தின் ஏழும் பதினான்கும். மூலத்தின் முதல் இரண்டு ஆல்பங்களும் பிற்பாடு பூச்சியம் என்ற இலக்கத்தோடு வந்தன. ஆகவே தலைப்பைச் சொல்லுங்கள், அட்டைப் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சிவகாசி லயன் காமிக்ஸ் தோர்கலைத் தமிழிலும் தந்திருக்கிறது. அதை வாங்கும்போதும் இலக்கத்தைப் பார்க்காமல் கதையைக் கேட்டு வாங்குங்கள்.

கிளைத்தொடர்களும் ஆசை காட்டும். கிரிஸ் என்ற பெண் பாத்திரம் (2010), தோர்கலின் மகள் லூவ் (2011), தோர்கலின் இளமை (2013) என்று மூன்று உண்டு. ‘இளமை’ என்ற பெயரைப் பார்த்து அங்கிருந்து தொடங்காதீர்கள். மூலத்தொடரை அறிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை அவை.

கடைசியாக ஒன்று. உள்ளே கூட்டிவந்த அந்தத் தனி ஆல்பத்தை ஒரு தடவையோடு மூடி வைக்காதீர்கள். வான் ஹாம் எழுதிய 29 ஆல்பங்களையும் முடித்த பிறகு நான் ‘அதியூ ஆரிசியா’வை மீண்டும் எடுத்தேன். முதல் தடவை ஆரிசியா எனக்கு ஒரு பெயர் மட்டும்தான். இரண்டாம் தடவை, மூன்றாவது பக்கத்துக்கு மேல் போக முடியாமல் பல்கனியில் போய் நின்றேன். கீழே கரையோர ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது.